ஸ்டோனி ஃபிளாட்டின் ஒப்பீட்டு மண்

ஸ்டோனி ஃபிளாட்டில் பெட்ரோல் விற்பதை நிறுத்தி நாற்பத்தொரு வருடம் ஆன பிறகு, அங்கே பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அடிலெய்டிலிருந்து ஆள் வந்தது.

ஆள் என்று சொல்வது மரியாதைக் குறைவு. வந்தவர் புதையுண்ட எரிபொருள் கலன்கள் ஆணையத்தின் இரண்டாம் நிலைக் கள மதிப்பீட்டு அலுவலர். பெயர் டெஸ்மண்ட் ஃபர்லாங். முப்பது வயதுக்குள் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் கண்ணைக் கூசவைக்கும் சட்டை, தலையில் கவசம், கையில் படிவங்கள் செருகிய பலகை. வண்டியிலிருந்து இறங்கியதும் வண்டியைச் சுற்றி நான்கு கூம்புகளை வைத்தார். தெருவில் வேறு வண்டி கிடையாது. ஸ்டோனி ஃபிளாட்டில் காலை ஏழு மணிக்கு ஒரு வண்டி வந்தாலே அதைப் பற்றி மத்தியானம் வரை பேசுவார்கள்.

லயல் நோஸ்கி அந்த நேரம், புல்லில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் புல்தரையில் முழங்காலிட்டு, சமையலறைக் கத்தரியால் ஓரத்து அருகம்புல்லை நறுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. கோதுமை நிலத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் இல்லாமல் அந்தப் புல்லைப் பார்த்துக்கொள்கிறவர். புல்லின் உயரம் மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாலானால் உருட்டிவிட்ட பந்து பாதி வழியில் சோம்பிப் படுத்துவிடும். இரண்டானால் புல் செத்துவிடும். லயலின் வாழ்க்கை அந்த இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் ஏழு வாரத்தில் மாவட்ட இறுதி ஆட்டம். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு அதை நடத்தும் முறை ஸ்டோனி ஃபிளாட்டுக்கு வந்திருந்தது. கிளப்பில் மிஞ்சியிருந்தவர்கள் பத்தொன்பது பேர். ஆட்டத்தை நடத்த முடியாமல் போனால் கிளப்பை மூடி, ஆட்களைப் பக்கத்து ஊரான பென்ரோஸோடு சேர்த்துவிடுவதாக மாவட்டச் சங்கம் எழுத்தில் தெரிவித்துவிட்டது. பென்ரோஸில் புல் கிடையாது. பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பு. அதைப் பற்றிப் பேச நேர்ந்தால் லயல் சாவு வீட்டில் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"நீங்க ஒரு ஆய்வு வளாகத்துக்குள்ள இருக்கீங்க," என்றார் டெஸ்மண்ட்.

"நான் புல்லுல இருக்கேன்," என்றார் லயல்.

"காலைல ஏழு மணிலேர்ந்து அது ஆய்வு வளாகம். தலைக்கவசம் போடணும்."

லயல் அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை.

"மேலேர்ந்து என்ன விழப்போகுது?"

"அதப் பத்தி எங்ககிட்ட தகவல் இல்ல. தகவல் இல்லாத எடத்துலதான் கவசம் ரொம்ப முக்கியம்."

பிறகு பாதுகாப்பு விளக்கம் நடந்தது. முக்கால் மணி நேரம். வெயில் எப்படிச் சுடும், தடுக்கினால் எப்படி விழுவோம் என்றெல்லாம் டெஸ்மண்ட் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பாம்பைக் கண்டால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, ஏழாம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். ஐம்பது வருடமாகப் பாம்பை மண்வெட்டியால் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்த லயல், பாம்பு அதுவரை காத்திருக்குமா என்று கேட்க நினைத்தார். ஆனால் கேள்வி கேட்பதற்கும் ஒரு படிவம் இருந்தது.

விஷயம் இதுதான். கிளப்பின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிற இடத்தில் முன்பு ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. மண்ணுக்குள் மூன்று இரும்புக் கலன்கள். அவை துருப்பிடித்து ஒழுகி, மண்ணைக் கெடுத்திருக்கக்கூடும்.

"டேங்க்கா? அத நாங்க எண்பத்து மூணுலயே புடுங்கிட்டோமே," என்றார் லயல். "நானும் என் தங்கச்சி புருஷன் செஸ்ஸும். கீழ இருந்த மண்ணையும் வாரி, குப்பை கொட்டுற எடத்துக்குக் கொண்டுபோய்ட்டோம்."

டெஸ்மண்ட் பதிவேட்டைப் புரட்டினார். "பதிவுல மூணு கலன் இருக்கு. எடத்துலயே இருக்கு. நீங்க சொல்றது வாய்வழித் தகவல்."

"வாய்வழி இல்லப்பா, டிராக்டர் வழி," என்றார் செஸ். அவர் அதற்குள் மோப்பம் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். கூடவே அவர் மனைவி கோரல். கோரல் லயலின் தங்கை, கிளப்பின் செயலாளர். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்போதே அடுப்பு மூட்டிவிட்டாள்.

"ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

மூவரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் பார்த்தார்கள். அது நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நாலு கால் வைத்த பாதி பெட்ரோல் டேங்க். அதன் மேல் போட்ட தகட்டில் இருபது சாசேஜும் வெங்காயமும் வதங்கிக்கொண்டிருந்தன. ஊரின் எல்லாக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அந்த அடுப்புதான்.

டெஸ்மண்ட் அதைச் சுற்றி வந்தார். அளந்தார். படம் எடுத்தார். ரொட்டித் துண்டில் வைத்து நீட்டிய சாசேஜை வாங்கிக் கடித்துக்கொண்டே தீர்ப்பும் சொன்னார்.

"கலன்னா வரையறைப்படி நிலத்துக்குக் கீழ இருக்கிறது. மேல வந்துட்டா அது உலோகப் பொருள். அதுக்கு வேற பிரிவு. அவங்க வேற கட்டடம்."

"அப்ப கீழ என்ன இருக்கு?" என்றார் லயல்.

"கலன்."

"மேல இருக்கிறது?"

"கலன் இல்லாதது."

"இன்னொண்ணு எடுத்துக்கோ கண்ணு," என்றாள் கோரல். "கலன் இல்லாததுல சுட்டது. ஒண்ணும் பண்ணாது."

சாப்பாட்டுக்குப் பிறகு டெஸ்மண்ட் வரைபடத்தை விரித்தார். அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, பதினாலு சிவப்புப் புள்ளிகள், எட்டு மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு புள்ளியிலும் இயந்திரத்தால் ஆறு மீட்டர் ஆழத்துக்குத் துளை போடப்படும். ஐந்து புள்ளிகள் புல்தரைக்கு நடுவே இருந்தன.

லயல் அந்த ஐந்து புள்ளிகளின் மேல் விரலை வைத்தார். "அது புல்லு," என்று மட்டும் சொன்னார்.

"கட்டத்துக்கு அது தெரியாது," என்றார் டெஸ்மண்ட், ஓரளவு வருத்தத்தோடு. "கட்டம் நேராத்தான் போகும்."

"ஒரு வெரலு அளவு குழி விழுந்தாலே ஆற ரெண்டு வருஷம். ஏழு வாரத்துல ஆட்டம்."

டெஸ்மண்ட் கெட்டவர் இல்லை. கையேட்டைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் கட்ட ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்தில் கொஞ்சம் மண் எடுப்பார்கள். யாரும் எதுவும் செய்யாத, இயற்கையான ஓர் இடத்தில் கொஞ்சம் மண் எடுப்பார்கள். அதற்குப் பெயர் ஒப்பீட்டு மண். இரண்டுக்கும் இடையே பெரிய விலகல் இல்லை என்றால் கோப்பை மூடிவிடலாம். துளையும் கிடையாது.

லயல் மூச்சு விட்டார்.

மறுநாள் மண் எடுக்கும் சடங்கு நடந்தது. டெஸ்மண்ட் நீலக் கையுறை மாட்டி, ஒரு கரண்டி மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கையுறையைக் கழற்றி எறிந்து, புதுக் கையுறை மாட்டி, அடுத்த கரண்டிக்குப் போனார். ஒவ்வொரு குப்பிக்கும் பெயர்ச்சீட்டு, நேரம், கையெழுத்து. குப்பிகள் ஐஸ் பெட்டிக்குள் போயின. பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு குப்பி நிறைய வெறும் தண்ணீர் இருந்தது.

"இது எதுக்கு?" என்றார் செஸ்.

"அது ஒண்ணுக்கும் இல்ல. அடிலெய்டுலேர்ந்து சுத்தமா வந்துச்சு. சுத்தமாவே திரும்பிப் போகுதான்னு பாப்போம்."

"சும்மா வந்துட்டுப் போறதுக்கா?"

"ஆமா."

"எனக்கு அந்த வேலை கெடைக்குமா பாரு," என்றார் செஸ்.

வண்டி நிறுத்துமிடம் முடிந்தது. அடுத்தது ஒப்பீட்டு மண். எண்பது வருடமாக யார் கையும் படாத மண் வேண்டும் என்று டெஸ்மண்ட் ஊரையே சுற்றி வந்தார். கடைசியில் கிளப்பின் பின்பக்க வேலி மூலையில், பழைய மரக் கம்பங்கள் வரிசையாக நிற்கிற இடத்தில், மண்டியிட்டு உட்கார்ந்தார். அங்கே புல் முளைக்கவில்லை. எறும்புகூட ஓடவில்லை. என்ன அமைதி என்று டெஸ்மண்ட் குறித்துக்கொண்டார்.

அந்த மூலையின் கதை ஊருக்கே தெரியும். மரக் கம்பத்தைக் கரையான் தின்னாமலிருக்க ஒவ்வொரு குளிர்காலத்திலும் இன்ஜின் கழிவு ஆயிலைப் பூசுவது அந்தப் பக்கத்து வழக்கம். லயலின் அப்பா பூசினார். பிறகு லயல் பூசினார். சுற்றுவட்டாரத்து டிராக்டர்கள் கழித்த ஆயிலெல்லாம் அந்த மூலையில் ஒரு பெரிய பீப்பாயில்தான் சேர்ந்தது. தொண்ணூற்றொன்றில் ஒரு காளை முட்டி பீப்பாய் கவிழ்ந்தது. காளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

லயல் வாயைத் திறந்தார். "தம்பி, அந்த எடம் வந்து..."

டெஸ்மண்ட் கையை உயர்த்தினார். "மண் எடுக்கும்போது வளாகவாசி பேசக்கூடாது. மாதிரியோட சுதந்திரம் கெட்டுரும். அஞ்சு மீட்டர் தள்ளி, நாடாவுக்குப் பின்னால நில்லுங்க."

செஸ் லயலை நாடாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "வாய மூடிட்டு நில்லுய்யா. அந்த மண்ணு நாறட்டும். அது நாறுனாத்தான் நம்ம மண்ணு மணக்கும்."

"தப்பு இல்லையா?"

"நீ சொல்ல வந்த. அவன் கேக்கல. இதுல தப்பு எங்க இருக்கு?"

லயல் யோசித்துப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. வண்டி நிறுத்துமிடம்: ஒரு கிலோ மண்ணில் நாற்பது மில்லிகிராம் எண்ணெய். ஒப்பீட்டு மண்: பதினோராயிரத்து அறுநூறு. கிளப்பின் குளிர்பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் பீர் கொடுத்தார் செஸ். இரண்டாவது சுற்று முடியும்போது கோரல் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டாள்.

"விலகல் ரொம்பப் பெருசுன்னு போட்டிருக்காங்க," என்றாள். "இருநூத்துத் தொண்ணூறு மடங்கு. இந்த மாதிரி எங்கயும் பாத்ததே இல்லையாம். தலைவியே நேர்ல வராங்களாம்."

ஆணையத் தலைவியின் பெயர் டாக்டர் ரோசலிண்ட் அஃப்லெக். ஆறு பேரோடு வந்தார். கிளப் கூடத்தில் கூட்டம். கோரல் சுட்ட ஸ்கோன் ரொட்டிகளும் ஜாமும் கிரீமும் மேசையில் இருந்தன. ஆறு பேரும் உள்ளேயும் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. தலைவி திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு உயரமான பட்டை, பக்கத்தில் ஒரு குட்டைப் பட்டை.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார். "இந்த நிலத்துல இருக்க வேண்டிய எண்ணெயக் காணோம். இயற்கை நிலைல பதினோராயிரத்து அறுநூறு இருக்கு. உங்க எடத்துல நாப்பதுதான் இருக்கு. மிச்சம் எங்க போச்சு? எண்ணெய் நடந்து போகாது. சரிவுல எறங்கிப் போயிருக்கும். சரிவுக்குக் கீழ என்ன இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், அருகம்புல் பளபளத்தது.

"வர்ற மாசம் பதினஞ்சாந்தேதி திங்கக்கெழம துளை போடுறோம்," என்றார் தலைவி.

ஆட்டம் இருபதாம் தேதி சனிக்கிழமை.

லயல் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் தானாக எழுந்து நின்றவர் இல்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். அது இயற்கை மண்ணு இல்ல. எங்கப்பாவும் நானும் கம்பத்துக்கு ஆயில் பூசுன மண்ணு. முப்பது வருஷம் பூசுனோம். ஒரு பீப்பாயே கவுந்துருக்கு. தப்பு என்னுது. நீங்க வேற எடத்துல மண்ணு எடுங்க, சரியா வரும்."

அலுவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெஸ்மண்டின் காது சிவந்தது. தலைவி மட்டும் ஒரு நோயாளியிடம் பேசுகிற பரிவோடு புன்னகைத்தார்.

"லயல், உங்க நேர்மைய மதிக்கிறேன். ஆனா உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்த மண்ண போன வாரம் இந்த வட்டாரம் முழுசுக்கும் ஒப்பீட்டு மண்ணா ஏத்துக்கிட்டோம். அத வச்சுப் பாத்ததுல நாப்பத்து மூணு எடம் சுத்தம்னு முடிவாச்சு. நாப்பத்து மூணு. பதினாறு வருஷத்துல நாங்க மூடுனது மொத்தம் ஒம்பது கோப்பு. ஒரே வாரத்துல நாப்பத்து மூணு. அமைச்சர் பேட்டியே குடுத்துட்டார். ஒரு மண்ணு தப்பா இருக்கலாம். நாப்பத்து மூணு கோப்பு தப்பா இருக்க முடியாது."

"மண்ண வச்சுத்தானே கோப்பு?" என்றார் லயல்.

"முன்னாடி அப்படி இருந்துச்சு," என்றார் தலைவி.

லயல் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கோரல் தேநீர்ப் பாத்திரத்தோடு தலைவியின் பக்கம் போனாள்.

"இன்னொரு ஸ்கோன் வச்சுக்கோங்க. நான் படிச்சவ இல்ல, ஒரு சந்தேகம். நாப்பத்து மூணு எடத்துக்கு இந்த மண்ணுதான் அளவுகோல்னா, இது பெரிய சொத்தாச்சே. இத இப்படி வேலியோரத்துல தொறந்து போட்டு வச்சிருக்கோம். நாய் வந்து ஒண்ணுக்குப் போகுது. பக்கத்துலயே பதினாலு துளை போட்டு நெலத்த ஆட்டுனா, நாளைக்கு அந்த மண்ணு மாறிப்போயிட்டா? நாப்பத்து மூணும் என்னாகும்?"

தலைவியின் கையிலிருந்த ஸ்கோன் பாதி வழியில் நின்றது.

"டெஸ்மண்ட்," என்றார். "ஒப்பீட்டு நிலப் பாதுகாப்பு வளையத்துக்கு விதி இருக்குல்ல?"

"இருக்கு. அறுபது மீட்டர். அதுக்குள்ள தோண்டக்கூடாது, துளை போடக்கூடாது. இதுவரைக்கும் யாரும் பயன்படுத்துனதில்ல."

"இன்னிக்குப் பயன்படுத்துவோம்."

செஸ் விரல் விட்டு எண்ணினார். வேலி மூலையிலிருந்து அறுபது மீட்டர் என்றால் புல்தரை மொத்தமும் வளையத்துக்குள் வந்துவிடும். அவர் மேசைக்குக் கீழே லயலின் காலை மிதித்தார்.

ஒரே ஒரு தடைதான் பாக்கி. உள்ளூர்ப் பாதுகாவலர் ஒருவர் உறுதிமொழி தர வேண்டும். லயலைக் காட்டினார்கள். டெஸ்மண்ட் படிவத்தை அவர் முன்னால் வைத்தார். மூன்றாவது கேள்வி: 'உங்களுக்குத் தெரிந்து இந்த மண்ணில் எண்ணெய் எதுவும் ஊற்றப்பட்டதா? விவரிக்கவும்.'

நாலு வாரம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்று லயல் எத்தனையோ ராத்திரி புரண்டு படுத்திருக்கிறார். இப்போது கேட்கிறார்கள். இல்லை என்று எழுதினால் புல் பிழைக்கும். செஸ் கண்ணாலேயே கெஞ்சினார். கோரல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லயல் பேனாவை எடுத்து, பொறுமையாக, எல்லாவற்றையும் எழுதினார். அப்பா, ஆயில், பீப்பாய், காளை, வருடம். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். கையெழுத்துப் போட்டுப் படிவத்தைத் தள்ளிவிட்டு, புல்லுக்கு மனதுக்குள் விடை சொன்னார்.

டெஸ்மண்ட் படிவத்தை மேலிருந்து கீழாகச் சரிபார்த்தார். "பேர் இருக்கு. தேதி இருக்கு. கட்டம் காலியா இல்ல. கறுப்பு மை. நீல மையா இருந்திருந்தா சிக்கல்." முத்திரை குத்தினார்.

"நீ படிக்கலையாப்பா?" என்றார் லயல்.

"பூர்த்தியாயிருக்கான்னு பாக்கிறதுதான் என் வேலை. படிக்கிறதுக்குத் தனிப் பிரிவு. அதுல ரெண்டு வருஷமா ஆள் போடல."

வேலி மூலையைச் சுற்றி இன்னொரு வேலி எழும்பியது. பித்தளைப் பலகை வந்தது: 'இயற்கை நிலை மண். தொந்தரவு செய்யாதீர்.' பென்ரோஸ் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிவந்து, மனிதன் கை படாத நிலம் எப்படி இருக்கும் என்று காட்டினார்கள். ஒரு சிறுமி கராஜ் வாசனை வருகிறதே என்று கேட்டாள். பூமியின் வாசனை அதுதான் என்று ஆசிரியை சொல்லிவிட்டாள்.

துளை ரத்தானது. புல் பிழைத்தது. லயல் ஒருநாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். மறுநாள் காலை அறுப்பு இயந்திரத்தை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது டெஸ்மண்ட் கூம்புகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

"வளையத்துக்குள்ள வளர்ற எதையும் வெட்டக்கூடாது," என்றார். அவருக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"இது புல்லு, டெஸ்மண்ட்."

"வளருதுல்ல."

"வளரத்தான் செய்யும். அதுக்குத்தானே வெட்டுறது?"

விதி விதிதான். ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மார்ச் வெயிலில் அருகம்புல் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தது. மூன்று நாலானது. நாலு ஐந்தானது. லயல் தினமும் காலையில் அளவுகோலோடு மண்டியிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். எட்டானபோது செஸ் ஒரு பந்தை உருட்டிப் பார்த்தார். அது பத்தடி போய் நின்று, பின்னால் திரும்பிப் பார்ப்பது போலச் சாய்ந்தது. பென்ரோஸ்காரர்கள் அந்தப் பக்கம் வேலையே இல்லாமல் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எங்க விரிப்புல வளர்ற தொல்லையே இல்ல லயல்," என்று அவர்களில் ஒருவர் ஜன்னலை இறக்கிச் சொன்னார். "தூசி தட்டுனாப் போதும்."

அன்று மத்தியானம் லயல் பாதுகாப்பு வளைய நிபந்தனைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அறுபத்திரண்டு பக்கம். விவசாயிதான், ஆனால் களைக்கொல்லி டப்பாவின் பின்பக்கத்தையும் விடாமல் படித்துப் பழகியவர். ஒரு பாத்திரம் தேநீர் தீர்ந்தது. இரண்டாவது பாத்திரத்தில் நாற்பத்தேழாம் பக்கம் வந்தது. லயல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை மறுபடி படித்தார். பிறகு டெஸ்மண்டைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வளையத்துக்குள்ள எதையும் வெட்டக்கூடாதுன்னு இருக்கு. ஆனா கண்காணிப்புக்காகப் பாதுகாவலர் தாவர மாதிரி எடுத்து ஆணையத்துக்கு அனுப்பலாம்னும் இருக்கு. பாதுகாவலர்ங்கிறது நான்தானே?"

"நீங்கதான்."

"எத்தன நாளுக்கு ஒருக்கா?"

"உங்களுக்கு அவசியம்னு தோணும்போது."

"ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்கலாம்?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. வெகு நேரம் புரண்டது.

"கொறைஞ்சது ஒரு கைப்பிடி," என்றார் டெஸ்மண்ட். "மேல் வரம்பு போடல."

"எத வச்சு வெட்டணும்?"

"சுத்தமான கருவி," என்றார் டெஸ்மண்ட். பிறகு, "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வரேன். சாட்சிக் கையெழுத்து வேணும்ல," என்றார்.

மறுநாள் ஸ்டோனி ஃபிளாட்டின் முதல் தாவர மாதிரி எடுக்கப்பட்டது. அறுப்பு இயந்திரத்தின் கத்தியைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசினார்கள். லயல் தலைக்கவசம் அணிந்து, நீலக் கையுறை மாட்டி, இயந்திரத்தைத் தள்ளினார். ஒரு கோடு முடிந்ததும் நின்று, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். டெஸ்மண்ட் நேரத்தை வாசித்தார். கோரல் வெட்டிய புல்லைப் பையில் கட்டிச் சீட்டு ஒட்டினாள். செஸ் பையை ஐஸ் பெட்டியில் அமுக்கினார். ஊரிலிருந்த ஐஸ் பெட்டிகள் அத்தனையும் வந்திருந்தன. மீன் பிடிக்கப் போகிறவர்கள் அந்த வாரம் மீன் பிடிக்கவில்லை.

ஒரேயடியாக எட்டிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் புல் அதிர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி என்று ஆறு நாளில் இறக்கினார்கள். கண்காணிப்பின் நலனை முன்னிட்டு என்று காரணம் எழுதினார் லயல்.

சனிக்கிழமை ஆட்டம் நடந்தது. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, தேநீர், ஸ்கோன், எல்லாம் முறைப்படி. பந்து ஸ்டோனி ஃபிளாட்டின் தரையில் கண்ணாடியில் போவது போலப் போனது. பிளாஸ்டிக்கில் பழகிய பென்ரோஸ்காரர்கள் காலையில் தடுமாறினார்கள், மத்தியானம் சுதாரித்துக்கொண்டார்கள், கடைசிப் பந்தில் ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டார்கள். ஸ்டோனி ஃபிளாட்டில் யாருக்கும் வருத்தமில்லை. மாவட்டச் சங்கத்துத் தலைவர் புல்லில் வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு, இந்தக் கிளப்பை மூடுவதைப் பற்றி எவனாவது பேசினால் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன் என்றார். அந்தக் கடிதத்தை எழுதியவர் அவர்தான்.

டெஸ்மண்ட் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தார். தேநீர் வேளையில் லயலின் பக்கம் சாய்ந்து, "அந்தப் படிவத்த நான் அன்னிக்குச் சாயங்காலமே படிச்சிட்டேன்," என்றார்.

"அப்புறம்?"

"படிச்சதாக் காட்டணும்னா அதுக்கு ஒரு படிவம் இருக்கு. கேட்டேன். இன்னும் அச்சடிக்கலையாம்."

இருவரும் கொஞ்ச நேரம் வேலி மூலையின் பித்தளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அச்சடிச்சதும் சொல்லு," என்றார் லயல். "நானும் வந்து கையெழுத்துப் போடுறேன்."

ஜூன் மாதம், அங்கே குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், டாக்டர் அஃப்லெக்கின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்தது. ஸ்டோனி ஃபிளாட் பாதுகாவலரின் அர்ப்பணிப்பை ஆணையம் மிகவும் பாராட்டுகிறது. அவர் இதுவரை அனுப்பிய எழுநூற்றுப் பன்னிரண்டு பை தாவர மாதிரிகளால் ஆய்வகத்தின் குளிர் அறை நிரம்பிவிட்டது. ஊழியர்களின் மத்தியானச் சாப்பாட்டை வைக்கும் குளிர்பெட்டியும் நிரம்பிவிட்டது. விதிப்படி எதையும் பத்து வருடத்துக்குக் குப்பையில் போட முடியாது. ஆகவே, அறிவியல் தரம் குறையாமல், மாதிரியின் அளவைக் குறைக்க வாய்ப்பு உண்டா என்று பாதுகாவலர் தெரிவிக்க வேண்டும்.

லயல் அன்றைக்கே பதில் எழுதினார். இப்போது குளிர்காலம், புல் மெதுவாக வளர்கிறது, இதுதான் இருப்பதிலேயே குறைந்த அளவு, கோடையில் கூடும்.